இருபத்தாறு டிகிரியில் ஓர் ஊர்

ஆனைக்கல் மேட்டில் அந்த வருஷம் மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் புல்லெல்லாம் உப்பு தூவினாற்போல உறைபனி பிடித்து, உருளைக்கிழங்குச் செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகிச் சுருண்டு கிடக்க, செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் பனி விழவில்லை. பால் ஊற்ற வந்தவன் குல்லாவைக் கழற்றிக் கேனின் மேல் வைத்தான். பூண்டு காயப்போடும் பெண்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். மருந்துக்கடைச் சுவரில் வருஷக்கணக்காக ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் கிடந்த தெர்மாமீட்டர் இருபத்தாறைக் காட்டியது. கடைவீதியின் கோடியில் குழந்தைவேலுவின் சலூனில், மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரும் இருபத்தாறைக் காட்டியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஊருக்குத் தெரிய மூன்று நாள் ஆயிற்று.

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்துமூன்று வயது. மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷம். பிள்ளை இல்லை. அவள் போன மறுவருஷம், கீழே மதுரைக்குப் போனபோது எதற்கென்று தெரியாமல் ஒரு மீன் கடைக்குள் நுழைந்து, தீப்பெட்டி அளவு இருந்த ஓர் ஆஸ்கர் மீனைப் பையில் நீர் கட்டி வாங்கி வந்தார். அது ஒன்பது வருஷத்தில் கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தழும்புகளுமாக ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்தது. அவர் கையிலிருந்து புழு வாங்கித் தின்றது. யாராவது நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடியோரம் வந்து நின்று, கத்தரி போகும் திசையெல்லாம் முறைத்துப் பார்த்தது. "வேலை நடக்குதான்னு மேற்பார்வை பாக்குது பாரு, இதுதாண்டா முதலாளி. நீ சம்பளத்துக்கு இருக்கிறவன்" என்று வயர்மேன் சவரிமுத்து ஒருநாள் சொல்ல, அன்றிலிருந்து ஊருக்கு அது முதலாளி ஆயிற்று.

அந்த வருஷம் கார்த்திகையிலேயே குளிர் இறங்கிவிட்டதால் பழைய நூறு வாட் ஹீட்டர் போதவில்லை. இரவெல்லாம் அதன் விளக்கு அணையாமல் எரிந்தும் தண்ணீர் பதினெட்டைத் தாண்டவில்லை. முதலாளி ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. குழந்தைவேலு கீழே போய் முந்நூறு வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தார். தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணி பொறுத்து, பிறகே ஸ்விட்சைப் போட்டார். சூட்டின் அளவு வைக்கும் திருகை இருபத்தாறில் நிறுத்தி, அந்த இடத்தில் மனைவியின் பெட்டியில் கிடந்த நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். சவரிமுத்து வந்து எர்த்தைச் சரிபார்த்தான். மின்கசிவு வந்தால் தானே விழும் ஸ்விட்ச் ஒன்று மாட்டினான். ஈரம் வயர் வழியே பிளக்குக்குள் போகாதபடி வயரைத் தொங்கவிட்டு வளைத்துக் கட்டினான். எல்லாம் முறைப்படி நடந்தது. அதற்கு மூன்றாம் நாள்தான் ஊரில் பனி நின்றது.

தொடர்பைக் கண்டுபிடித்ததும் சவரிமுத்துதான். ஆறாம் நாள் மதியம் லைன் வேலைக்காக அவனே மின்சாரத்தை நிறுத்தி, கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தபோது, ஊர் மெல்ல மெல்லக் குளிர்ந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக ஸ்வெட்டரை மாட்டுவதைப் பார்த்தான். லைனைக் கொடுத்ததும் ஒவ்வொருத்தியாகக் கழற்றுவதையும் பார்த்தான். இறங்கி நேரே சலூனுக்கு வந்து, தெர்மாமீட்டரை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "வேலு, உன் தொட்டித் தண்ணியிலதாண்டா ஊரே கிடக்குது" என்றான். "இருக்கும்" என்றார் குழந்தைவேலு. முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்த பூண்டு வியாபாரி ஒச்சப்பன், "அப்ப இனிமே கரண்டு போகாமப் பாத்துக்க சவரி" என்று சொல்லிவிட்டு மறுகன்னத்தைக் காட்டினார்.

ஊர் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. எதிரில் வருகிறவரைப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்பதற்குப் பதில் "முதலாளி எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். பூண்டு காயப்போடுவதற்கு முன் ஒருத்தி வந்து தொட்டியின் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுப் போனாள். குழந்தைவேலு வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றும்போது தெருவில் இளங்காற்று வீசியது. அதற்காகவே அந்த நேரத்தில் கிழவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின் முடிவில் முதலாளியின் உடல்நலத்துக்காக ஒரு நிமிஷம் கூடுதலாகக் கண்ணை மூடினார்கள். சவரிமுத்துவின் மனைவி பிலோமினா, இருபது வருஷமாக மார்கழி முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுகிறவள், முதல் முறையாகப் படுத்துத் தூங்கினாள். மறுநாள் ஒரு கிண்ணத்தில் இறால் கொண்டுவந்து, "அண்ணே, இது முதலாளிக்கு. உங்களுக்கு இல்ல" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

மனஸ்தாபமும் இல்லாமலில்லை. ஸ்வெட்டர் விற்கும் பேச்சியக்கா கடையை எடுத்து செக்போஸ்ட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் மீனைத் திட்டினாள். லாட்ஜ் வைத்திருக்கும் டேவிட், குளிர் பார்க்க வருகிறவர்கள் வேட்டியை விசிறிக்கொண்டு திரும்பிப் போவதாகப் புலம்பினார். ஒச்சப்பனுக்குப் பூண்டு சீக்கிரம் காய முப்பது வேண்டும். பீன்ஸ் போட்டவர்களுக்கு இருபத்திரண்டு போதும். கடைசியில் ஊர்க்கூட்டம் சலூனிலேயே கூடியது. ஆளாளுக்கு ஓர் எண் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு குழந்தைவேலு கத்தரியை வைத்துவிட்டு, "உங்க யாருக்கும் இதுல சாவு இல்ல. அதுக்கு மட்டும்தான் இருக்கு. அதோட அளவு இருபத்தாறு" என்றார்.  பிறகு நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து, தொட்டிக் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து, திருகைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கைக்கும் முதலாளி வந்து மூக்கை வைத்துப் பார்த்தது. சத்தியம் செய்கிறவர்களை அது எண்ணிக்கொள்கிறது என்று குழந்தைவேலு நினைத்தார். தீனி கிடைக்குமா என்றுதான் வந்திருக்கும் என்பது பின்னால்தான் தோன்றியது.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது அவருக்கு ஹீட்டரின் மேல் சந்தேகம் வந்தது. விளக்கு அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் கொஞ்சம் கூடுதலாக எரிவதுபோல் இருந்தது. ஒருநாள் இருபத்தாறரை காட்டியது, மறுநாள் இருபத்தேழு. முன்பு ஹீட்டர் வாங்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார்: உள்ளே இருக்கும் தகடு ஒட்டிக்கொண்டால் ஹீட்டருக்கு நிற்கத் தெரியாது, மீனை வேகவைத்துவிட்டுத்தான் ஓயும். அன்றிலிருந்து குழந்தைவேலுவுக்குத் தூக்கம் இல்லை. அந்த ஹீட்டரின் கண்ணாடிக் குழாயைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய் வேற வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சவரிமுத்துவிடம் சொன்னார். "ஒரே நாள். நீ இங்கயே இரு. திருகைத் தொடாத. தண்ணி குறைஞ்சா ஆறவச்ச வெந்நீரைக் கொஞ்சமா ஊத்து. ஹீட்டரைத் தண்ணிக்கு வெளிய எடுக்கவே எடுக்காத. எடுக்கணும்னா பிளக்கைப் புடுங்கி இருபது நிமிஷம்..."

"ஏண்டா, வயர் கட்டினவனே நான். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"அதுக்கில்ல சவரி."

"போயிட்டு வாடா. உன் முதலாளியை நான் மடியில வச்சுப் பாத்துக்கிறேன்."

மதுரையில் கடைக்காரர் நல்ல மனிதர். "லிட்டருக்கு ஒரு வாட் எல்லாம் எங்க ஊருக்கு. உங்க மலைக்கு ரெண்டு வைக்கணும். ஆனா அதை ஒரே ஹீட்டரா வைக்காதீங்க, ரெண்டா வைங்க" என்றார். "ஒண்ணு அணையாம மாட்டிக்கிட்டாலும் தனியா அதால கொதிக்கவைக்க முடியாது. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தாங்கும். எதையும் ஒத்தையா நம்பக் கூடாதுண்ணே." அந்த அளவு ஹீட்டர்களும், தொட்டிக்கு வெளியே இருந்து இரண்டையும் கண்காணிக்கும் ஒரு கருவியும் மறுநாள் மாலைதான் வந்து சேரும் என்றார். குழந்தைவேலு இரண்டு முறை சவரிமுத்துவுக்குப் போன் செய்தார். "நல்லா இருக்காருடா" என்றான் இரண்டு முறையும். இரண்டாவது முறை பின்னால் நிறையப் பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. தான் இல்லாதபோதும் சலூனில் கூட்டம் இருப்பது அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் கிளம்பிய பஸ்ஸில், இரண்டு ஹீட்டர்களையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலையேறினார். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்தது. ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் காதைச் சுற்றி மப்ளர் கட்டினாள். மேலே போகப் போகப் பைன் மரங்களில் பனி தொங்கியது. கண்டக்டர் வாயிலிருந்து புகை வந்தது. அப்புறம் செக்போஸ்ட் வந்தது. பஸ் அதைத் தாண்டிய அந்த நொடியில், யாரோ அடுப்பங்கரைக் கதவைத் திறந்ததுபோல முகத்தில் சூடு அடித்தது.

"என்னா வெயிலு! கொடுத்து வச்ச ஊருய்யா!" என்று கண்டக்டர் ஷட்டர்களை ஏற்றினான். ஜனங்கள் மப்ளரை அவிழ்த்து விசிறிக்கொண்டு சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கூரைகளின் மேல் பூண்டு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் நின்றார்கள். தெருக்குழாயில் ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலை வெயிலில் உதறினாள். அந்த ஊரில் எந்த மார்கழியிலும் எவரும் பார்த்திராத காட்சி. டேவிட் லாட்ஜின் வாசலில் ஐஸ்பெட்டி வைத்து யாரோ ஐஸ் விற்றுக்கொண்டிருந்தான். பஸ்ஸில் எல்லோரும் கொண்டாட, குழந்தைவேலு மட்டும் தன் புறங்கையில் சூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது இல்லை. முப்பத்திரண்டு இல்லை. ஒன்பது வருஷமாகத் தண்ணீரில் விட்டுப் பழகிய கை அது, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. முப்பத்துநாலு. திருகின் கடைசி எண். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கினார்.

சலூன் திறந்திருந்தது. சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்து, மார்பில் துண்டோடு தூங்கிக்கொண்டிருந்தான். காற்று பம்பின் பிளக் கழற்றித் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் சவரிமுத்துவின் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. கண்ணில் படலம் விழுந்திருந்தது.

குழந்தைவேலு மடியிலிருந்த ஹீட்டர்களைத் தரையில் வைத்தார். செல்போனைப் பிடுங்கி வீசிவிட்டுப் பம்பை மாட்டினார். குமிழிகள் எழுந்தன. பச்சைத் தண்ணீர் ஊற்ற ஒரு குடத்தை எடுத்த கையைத் தானே பிடித்துத் தடுத்தார். சட்டென்று குளிரவைத்தாலும் செத்துவிடும். திருகை முப்பத்துமூன்றுக்கு இறக்கினார். இனி அரை மணிக்கு ஒரு டிகிரி. அதற்கு மேல் அவசரப்பட முடியாது. அவசரப்பட முடியாது என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சவரிமுத்து எழுந்து நின்றான். "வேலு" என்றான்.

"யாரு திருப்பினா?"

"யாருமே திருப்பலடா. அதாவது... எல்லாரும் ஒரு நூல் அளவுதான்."

அவன் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. ஆனைக்கல் மேட்டில் ஓடைத் தண்ணீர் முறை வைத்துப் பாயும். அதில் ஒருவர் திறந்த மடையை இன்னொருவர் அடைப்பது கையை ஓங்கி அடிப்பதற்குச் சமம். திறந்தவரே வந்துதான் அடைக்க வேண்டும். அடுத்தவர் தன் முறைக்குத் தன் மடையைத் திறந்துகொள்ளலாம். திருகுக்கும் அதே முறையை வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு நூல், தன் முறை முடிந்ததும் போய்விடுவது. முந்தினவர் திருப்பியதைத் திரும்ப இறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒச்சப்பன் பூண்டுக்காகத் திருப்பினார். டேவிட் வேடிக்கைக்காகத் திருப்பினார். குளிர் வேண்டும் என்று கிடந்த பேச்சியக்காகூட செக்போஸ்ட்டிலிருந்து நடந்து வந்து, "எல்லாரும் திருப்புறாங்க, என் முறையை மட்டும் விட்டுக் கொடுப்பேனா?" என்று ஒரு நூல் மேலே திருப்பிவிட்டுப் போயிருக்கிறாள்.

"முதல் நூல் யாரோடது?"

சவரிமுத்து தரையைப் பார்த்தான். "பிலோமினா ஒரு தடவையாவது சால்வை போத்தாம, பட்டுச்சேலை தெரிய கோயிலுக்குப் போயிட்டு வரணும்னு ஆசைப்பட்டா. இருபத்தாறே அவளுக்குப் போதும்டா, எனக்குத் தெரியும். ஆசைதான். அதைப் பாத்துட்டு ஒச்சப்பண்ணன் கேட்டாரு. அவருக்குக் கொடுத்துட்டு அடுத்தவனுக்கு எப்படி இல்லேன்னு சொல்றது?"

"நான் போன் பண்ணப்ப?"

"முப்பத்தொண்ணு இருந்துச்சு. நல்லாத்தான் நீந்திக்கிட்டிருந்தாரு."

குழந்தைவேலு தொட்டிப் பக்கம் திரும்பினார். கையைத் தண்ணீருக்குள் விட்டு, மீனின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, குமிழிகளின் பக்கம் மெல்ல நகர்த்தினார். அது எப்போதும்போல அவர் விரலை வாயால் தேடியது. புழு இல்லை. இரண்டு முறை தேடிவிட்டு நிறுத்திவிட்டது. செவுளின் கடைசி அசைவு கையில் தெரிந்தபோது மணி பதினொன்று. கண்ணாடிக் குழாயை நம்பாமல் மதுரைவரை போனவன் நான், சவரியிடம் சலூன் சாவியை எடுத்துக் கொடுத்தவனும் நான்தானே என்று அவருக்குத் தோன்றியது. அப்படி நினைத்தால் கோபம் குறையும் என்று பார்த்தார். குறையவில்லை.

செய்தி பரவி ஊர் வாசலில் கூடியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். சிலர் உண்மையாகவே அழுதார்கள். முதலாளியை வாழையிலையில் கிடத்தியிருந்தார் குழந்தைவேலு. பிறகு ஒருவர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். இன்னொருவர் மருந்துக்கடைச் சுவரை எட்டிப் பார்த்தார். கூட்டத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடிற்று.

"குறையலையே" என்றார் ஒச்சப்பன் தணிந்த குரலில்.

"என்னது?"

"வெக்கை. அவரு போயும் குறையல. அப்ப இது மீனால இல்ல, தொட்டியாலதான்." சுற்றிலும் பார்த்துவிட்டு, தைரியம் வந்தவராக, "வேலு, தப்புதான், இல்லேங்கல. கீழ போய் இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம். ஊரே சேந்து வாங்கிருவோம்" என்றார்.

"எதுக்கு வாங்கிக்கிட்டு? தண்ணி மட்டும் போதும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் அதைக் கண்டிக்கவில்லை. பாதி முகங்களில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததைக் குழந்தைவேலு பார்த்தார். மீன் செத்ததைக்கூட அவர் எப்படியாவது பொறுத்திருப்பார். அந்த நிம்மதியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் கையைக் கழுவிவிட்டு, தொட்டியின் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பதினொன்றரைக்குத் திருகை முப்பத்திரண்டுக்கு இறக்கினார். பன்னிரண்டுக்கு முப்பத்தொன்று. ஆள் அதிர்ச்சியில் இருக்கிறார், மீன் இருக்கிறது என்ற நினைப்பில் செய்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். தடுப்பது பாவம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு மணிக்கு ஐஸ் விற்றவன் பெட்டியை மூடினான். இரண்டு மணிக்கு ஆண்கள் சட்டையை மாட்டினார்கள். இரண்டரைக்கு இருபத்தாறு ஆயிற்று. ஊர் மூச்சு விட்டது. சொன்ன சொல் மாறாதவன், அளவிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டான் பார் என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். சவரிமுத்து மட்டும் வாசலில் நின்றான்.

மூன்று மணிக்குக் குழந்தைவேலு திருகை இருபத்தைந்துக்கு இறக்கினார்.

"வேலு, அவரோட அளவு இருபத்தாறுடா."

"அவரு இல்லையே."

இருபத்துநாலு. இருபத்துமூன்று. கூரைகளிலிருந்து பூண்டை வாரும் சத்தம் கேட்டது. தெருவில் டிரங்குப் பெட்டிகள் திறந்தன. பாச்சை உருண்டை வாடை சலூன்வரை வந்தது. ஒச்சப்பன் வந்து கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு பூண்டு நனையுமே என்று ஓடினார். ஐந்தரைக்கு இருபது. அதற்குக் கீழே திருகில் எண் இல்லை. குழந்தைவேலு ஸ்விட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். அப்படியே விட்டால் பொழுது இருட்டுவதற்குள் ஊர் மொத்தத்தையும் பனி ஒரே வாயில் விழுங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அப்படி ஆகட்டும் என்று ஒரு கணம் நினைத்தார், நினைத்ததை ருசித்தும் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் கம்பளிப் போர்வையை எடுத்துவந்து, தொட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, மேலே துண்டைப் போட்டு மூடினார். தண்ணீர் மெல்ல ஆற வேண்டும்.

"பிலோமினாவுக்கு..." என்று ஆரம்பித்தான் சவரிமுத்து.

"தெரியும். அவளுக்காகத்தான் மெதுவா இறக்கறேன். காலைக்குள்ள ஒன்பது டிகிரிக்குப் போயிரும். மருந்து வாங்கி வை. சுவத்துப் பக்கம் தலகாணி வை."

சவரிமுத்து அழுதான். "என்னைய ரெண்டு அடி அடிச்சிருடா. நாளைக்கு வந்தா ஷேவிங் பண்ணிவிடுவியா, அதை மட்டும் சொல்லு."

குழந்தைவேலு போர்வைக்குள் கையை விட்டு, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் இளஞ்சூடு இருந்தது. வெளியே தெரு மூடுபனியில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. யார் வீட்டிலோ ஒரு குழந்தை முதல் இருமல் இருமியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ" என்றார். "குளிர் உள்ள வருது."